தாத்தாவின் ஸ்டாம்ப் ஆல்பமும் வடசென்னையும்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ரங்கூனிலிருந்து வந்த என் தாத்தா ஹார்பரில் வேலை பார்த்தவர். அவர் சேர்த்த ஸ்டாம்ப் ஆல்பம் ஒன்று பரணில் கிடைத்தது. கூடவே பழைய கடிதங்கள் ஒரு கட்டு. இதெல்லாம் விலை போகுமா? இதில் இருக்கும் ஆட்கள் யார், நம்ம பக்கத்துக்கும் இவர்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? கடிதத்தில் இருக்கும் ஸ்டாம்ப்களை நறுக்கி ஆல்பத்தில் ஒட்டிவிடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கத்திரிக்கோலைக் கீழே வையுங்கள் தம்பி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

விலை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெரும்பாலான இந்திய நினைவுத் தபால்தலைகள் லட்சக்கணக்கில் அச்சானவை. முத்திரை குத்திய பிரதிகள் பத்துக்கும் இருபதுக்கும் கிடைக்கும். சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை 1947 நவம்பர் 21-ல் வந்த தேசியக் கொடி, மூன்றரை அணா, மேலே 'ஜெய்ஹிந்த்' என்று இந்தியில் இருக்கும். "முதல் ஸ்டாம்ப்பாச்சே, லட்சம் போகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லோரும் பத்திரமாக எடுத்து வைத்ததால் அது இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. விலை போவது 1948 ஆகஸ்ட் 15-ல் வந்த காந்தி வரிசையின் பத்து ரூபாய்த் தலை. நான்கு மதிப்புகளில் வந்த அந்த வரிசை சுவிட்சர்லாந்தில் அச்சானது. கவர்னர் ஜெனரலின் உபயோகத்துக்காக 'சர்வீஸ்' என்று மேலச்சு (அச்சான தலையின் மேல் மறுபடி ஒரு அச்சு) போட்டு நூறு செட் மட்டும் எடுத்தார்கள். அதில் பத்து ரூபாய்த் தலை நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017-ல் ஐந்து லட்சம் பவுண்டுக்குப் போனது. அந்தப் பத்து ரூபாய்க்குப் போலிகளும் உண்டு. ஹார்பர் சம்பளத்தில் சேர்த்த ஆல்பத்தில் அது இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள், அப்புறம் சந்தோஷப்படுங்கள்.

எது எந்தக் காலம் என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அணாக் கணக்கில் மதிப்பு இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'நயா பைசா' என்றால் 1957-லிருந்து 1964-க்குள். வெறும் பைசா என்றால் அதற்குப் பிறகு. இதை வைத்தே பாதி ஆல்பத்தை அடுக்கிவிடலாம்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. நினைவுத் தபால்தலை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடங்கள் உண்டு. ஒன்று சம்பவம் நடந்த வருடம், அல்லது அந்த மனிதர் வாழ்ந்த வருடங்கள். இன்னொன்று தபால்தலை வெளியான வருடம். எல்லோரும் முதலாவதைத்தான் பார்ப்பார்கள். நான் இரண்டையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக் கழித்துப் பார்ப்பேன். நேரு 1964 மே 27-ல் இறந்தார், ஜூன் 12-ல் தபால்தலை வந்துவிட்டது. பதினாறு நாள்! அண்ணா 1969 பிப்ரவரி 3-ல் மறைந்தார், சரியாக ஒரு வருடத்தில் அவருக்கும் வந்தது. வ.உ.சி. இறந்தது 1936-ல். அவருடைய நூற்றாண்டுக்கு, 1972 செப்டம்பர் 5-ல்தான் தபால்தலை. 1806 வேலூர்ப் புரட்சிக்கு 2006-ல், இருநூறு வருடம் கழித்து. இந்த இடைவெளிகள் தற்செயல் இல்லை. யாரை உடனே ஞாபகம் வைத்துக்கொண்டார்கள், யாரை யாரோ போய்க் கேட்ட பிறகு ஞாபகப்படுத்திக்கொண்டார்கள் என்பது அந்தக் கழித்தல் கணக்கில் தெரியும்.

உங்கள் தாத்தாவின் பர்மா பக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் படத்தைவிட மேலச்சுதான் சரித்திரம். பர்மா 1937 ஏப்ரல் 1-ல் இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. புதுத் தபால்தலை தயாராகும்வரை ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட இந்தியத் தபால்தலையிலேயே 'பர்மா' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து விற்றார்கள். நேற்றுவரை ஒரே தேசம், இன்றைக்கு வேறு தேசம், நடுவில் ஒரு கறுப்பு மை வரி. 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் ராஜா முகத்தின் மேல் மயில் சின்னத்தைக் குத்தினார்கள். மயில் இருக்கும் தலை கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள், ஆனால் இதிலும் போலி அதிகம். 1948 ஜனவரியில் பர்மா விடுதலை பெற்றபோது வந்த தலையில் ஆங் சான் இருப்பார். அந்த விடுதலையைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1947 ஜூலை 19-ல் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

1964-க்குப் பிறகு கப்பல் கப்பலாக வந்து வியாசர்பாடியில் இறங்கிய குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமானோடு இப்படிக் கடிதங்களையும் கொண்டுவந்தன. பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடும் பையன்களுக்கு அந்தக் கதை முழுசாகத் தெரியாது. உங்கள் ஆல்பத்தில் அது வரிசையாகவே இருக்கும்.

அடுத்தது ஹார்பர். தாத்தா இந்தத் தலையைக் கண்டிப்பாக வைத்திருப்பார்: 1962 டிசம்பர் 22, பதினைந்து நயா பைசா, கணித மேதை ராமானுஜன், பிறந்து 75 வருட நினைவாக. கும்பகோணம், நாமக்கல் தேவி, கேம்பிரிட்ஜ் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவர் நம்ம ஹார்பர் குமாஸ்தா என்பது ஏனோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1912 மார்ச் 1-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தார், மாதம் முப்பது ரூபாய் சம்பளம். குடியிருந்தது ஜார்ஜ் டவுனில், சைவ முத்தையா முதலித் தெருவில். வேலை நேரம் போக, கிடைத்த தாளில் எல்லாம் கணக்கு. அப்போது துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயரும் இந்தக் குமாஸ்தாவிடம் என்னவோ இருக்கிறது என்று கண்டுகொண்டவர்கள்.

தபால்காரர்களுக்கு இதில் பெருமைப்பட இன்னொரு விஷயமும் உண்டு. 1913 ஜனவரி 16 தேதியிட்டு ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் இங்கிருந்து தபாலில்தான் போனது. அதன் முதல் வரியிலேயே, தான் மெட்ராஸ் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் வருடத்துக்கு இருபது பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்கிறார். மேதை என்றெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த வருடம் மார்ச் 17-ல் 'நெவாசா' கப்பலில், தான் வேலை பார்த்த அதே ஹார்பரிலிருந்து கிளம்பினார். 1919-ல் உடம்பு கெட்டுத் திரும்பி, 1920-ல் 32 வயதில் இறந்தார். நாற்பத்திரண்டு வருடம் கழித்துத் தபால்தலை. 2011-லும் 2012-லும் மறுபடி வெளியிட்டார்கள். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் ஒன்று 1993-லிருந்து இருக்கிறது. சின்ன இடம்தான், போய்ப் பாருங்கள்.

ஹார்பர் என்றதும் எம்டன் ஞாபகம் வரும். "அவன் பெரிய எம்டன்டா" என்று நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி வந்து துறைமுகத்துப் பர்மா ஆயில் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனது. குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல் ஹைகோர்ட் மதிலில் இருக்கிறது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுக்கருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை முடித்தது. அதன் 75-ஆம் ஆண்டுக்கு, 1989-ல், கோகோஸ் தீவுகள் தபால்தலை வெளியிட்டன. என்னிடம் அந்த செட் இருக்கிறது. சம்பவம் நம்ம கடற்கரையிலும் நடந்தது, தபால்தலை மட்டும் எங்கேயோ ஒரு தீவில். நம்மிடம் மிஞ்சியது ஒரு கல்லும் ஒரு வசவும்.

தொழிலாளர் பக்கத்துக்கு வருவோம். பெரம்பூர் பி அண்டு சி மில்லில் 1918 ஏப்ரல் 27-ல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம். தொடங்கியவர்களில் ஒருவர் திரு.வி.க. ஆசிரியராக இருந்தவர், பத்திரிகைக்காரர், மில் வாசலில் தமிழில் பேசிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். அவருக்கு 2005-ல் தபால்தலை வந்தது. திரு.வி.க. நகர் என்று தொகுதிக்கே பெயர் இருக்கிறது, ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் மில் தொழிலாளிக்காக நின்றவர் என்பது தெரியாது. மில்லும் இப்போது இல்லை. அடுத்து சிங்காரவேலர். 1923 மே 1-ல் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை சென்னையில் இரண்டு இடங்களில் நடத்தினார், அதில் ஒன்று ஹைகோர்ட் எதிரே கடற்கரையில். தபால்தலை 2006-ல், அவர் இறந்து அறுபது வருடம் கழித்து. ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கட்டடத்தின் பெயரே சிங்காரவேலர் மாளிகை. பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அங்கே எத்தனை தடவை அலைந்திருப்போம்!

இவர்களைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது இரட்டைமலை சீனிவாசன் தலை. 1893-ல் 'பறையன்' என்று அந்தப் பெயரையே தலைப்பாக வைத்துப் பத்திரிகை தொடங்கியவர். தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்திருக்கிறார், காந்தி தமிழில் கையெழுத்துப் போடக் கற்றது இவரிடம்தான் என்று சொல்வார்கள். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர். 1945-ல் இறந்தார். அவரை அடக்கம் செய்த இடம் ஓட்டேரியில், 'உரிமைக் களம்' என்ற பெயரில் இருக்கிறது. வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் ஏறினால் எவ்வளவு தூரம்? தபால்தலை வர 2000 ஆகிவிட்டது. ஐம்பத்தைந்து வருடம். அவரோடு மாநாட்டுக்குப் போன அம்பேத்கருக்கு இறந்த பத்தாவது வருடமே, 1966-ல், முதல் தலை வந்துவிட்டது. பிறகும் பல தடவை வந்தது. இதில் யார் பெரியவர் என்ற சண்டை வேண்டாம். டெல்லியின் ஞாபகத்தில் ஓட்டேரி எவ்வளவு தள்ளி இருந்தது என்பதை மட்டும் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். 2005-லிருந்து 2009 வரைக்குமான பக்கங்களில் தமிழ் முகங்கள் திடீரென்று பெருகியிருக்கும். திரு.வி.க., அயோத்திதாசப் பண்டிதர், சிங்காரவேலர், உ.வே.சா., வள்ளலார், மறைமலையடிகள் என்று வரிசையாக வருவார்கள். அந்த வருடங்களில் தபால் துறையைக் கவனித்த மத்திய அமைச்சர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். இது என் ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம். குறையாகச் சொல்லவில்லை. எல்லாக் காலத்திலும் நாற்காலியில் இருப்பவரின் ஊர்தான் தபால்தலையில் ஏறும். நம்ம முறை வந்தபோது நம்ம ஆட்கள் ஏறினார்கள், அவ்வளவுதான்.

வள்ளலாரும் இந்தப் பக்கத்து ஆள்தான் என்றால் வடலூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அவர் சின்ன வயதிலிருந்து வளர்ந்தது ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவில். கந்தகோட்டத்து முருகனைப் பாடினார், நடந்தே திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போய் வந்தார். தபால்தலை 2007-ல். அதே திருவொற்றியூர் அம்மன் மேல் தியாகராஜ சுவாமிகள் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அவருக்கு 1961 ஜனவரியிலேயே தலை வந்துவிட்டது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தி.நகருக்கு அவர் பெயர் போய்விட்டது, ஆனால் மனிதர் பழைய வண்ணாரப்பேட்டைக்காரர், அவர் பெயரில் இருக்கும் கல்லூரியும் இங்கேதான் நிற்கிறது. வ.உ.சி.யும் ஜெயிலிலிருந்து வந்த பிறகு சென்னையில் இருந்த வருடங்களில் பெரம்பூரில் குடியிருந்திருக்கிறார்.

ஆட்களுக்குக் கிடைத்த இடம் கட்டடங்களுக்குக் கிடைக்கவில்லை. ஹைகோர்ட்டுக்கு 1962-ல், நூற்றாண்டுக்கு, கல்கத்தா, பம்பாய் ஹைகோர்ட்டுகளோடு சேர்த்து வந்தது. 2009-ல் பாரம்பரிய ரயில் நிலையங்கள் என்று நான்கு தலை விட்டார்கள்: ஹவுரா, பழைய டெல்லி, பம்பாய் வி.டி., நம்ம சென்ட்ரல். ராயபுரம் இல்லை! தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது, நாட்டிலேயே மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம். சென்ட்ரல் அதற்குப் பிறகு வந்த தம்பி. சிவப்புக் கோபுரமும் கடிகாரமும் சின்னச் சதுரத்தில் எடுப்பாக இருக்கும் என்று தேர்ந்தெடுத்திருப்பார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

யாருக்குத் தலை விடுவது என்பதற்கு விதிமுறை உண்டு. தபால் துறைக்கு ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது, கோரிக்கைகளை அது பார்த்துப் பரிந்துரைக்கும். பொதுவாக உயிரோடு இருப்பவருக்குக் கிடையாது. விதிவிலக்குகள் இருக்கின்றன: தோண்டோ கேசவ் கார்வேக்கு 1958-ல், விஸ்வேஸ்வரய்யாவுக்கு 1960-ல். இருவருக்கும் அப்போது நூறு வயது. ராதாகிருஷ்ணனுக்கு 1967-ல், அன்னை தெரசாவுக்கு 1980-ல், டெண்டுல்கருக்கு 2013-ல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "எங்கள் தலைவருக்கு மத்திய அரசு தபால்தலை வெளியிட்டது" என்று இப்போது பேனர் கட்டுகிறார்கள். பல சமயம் அது 'மை ஸ்டாம்ப்'. 2011-லிருந்து இருக்கும் திட்டம், பணம் கட்டினால் உங்கள் படத்தையும் தபால்தலையோடு சேர்த்து அச்சடித்துத் தருவார்கள். கல்யாணத்துக்குக்கூட எடுக்கலாம். சிறப்பு உறையும் வேறு, அதில் படம் உறையின் மேல்தான் இருக்கும், தபால்தலை சாதாரணமானது. உண்மையான நினைவுத் தலைக்கு வெளியீட்டுக் குறிப்பு என்று ஒரு மடிப்புத் தாள் வரும், எத்தனை அச்சடித்தார்கள், யார் வடிவமைத்தார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். தாத்தா அந்தத் தாள்களையும் வைத்திருந்தால் ஆல்பத்தைவிட அதை முதலில் படியுங்கள். புதிய தலைகள் வேண்டுமென்றால் அண்ணா சாலைத் தபால் நிலையத்தில் தபால்தலை சேகரிப்பாளர்களுக்கான பிரிவு இருக்கிறது. 1913-ல் எலெக்ட்ரிக் தியேட்டராக இருந்த கட்டடம் அது, அதற்காகவே போகலாம்.

பாதுகாப்பு பற்றி. நம்ம பக்கத்துக் கடல் காற்று தபால்தலைக்கு ஆகாது. பின்னால் இருக்கும் கோந்து இளகி, எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆல்பத்தைப் படுக்க வைக்காதீர்கள், புத்தகம் போல நிற்க வையுங்கள். இரும்புப் பீரோவின் கீழ்த்தட்டு வேண்டவே வேண்டாம். 2015 வெள்ளத்தில் என் ஆல்பம் ஒன்று அப்படித்தான் போனது, முழங்கால் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது கீழ்த்தட்டை யோசிக்கவில்லை. ஒட்டிக்கொண்ட தலைகளை இழுத்துப் பிரிக்காதீர்கள். பயன்படுத்திய தலை என்றால் சாதாரணத் தண்ணீரில் மிதக்க விடுங்கள், தானாகக் கழன்று வரும், பழைய செய்தித்தாள் வேண்டாம், வெள்ளைத் தாளில் கவிழ்த்து உலர்த்துங்கள். பயன்படுத்தாத தலையைத் தண்ணீரில் போட்டால் கோந்து போய்விடும், விலையும் போய்விடும். கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். ஓரத்துப் பல் ஒன்று போனாலும் கெட்டதுதான். செலோடேப் பக்கமே போகாதீர்கள்.

இப்போது கத்திரிக்கோல். ரங்கூனிலிருந்து மெட்ராஸுக்கு வந்த கடிதம் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் தலையை மட்டும் நறுக்கினால் இருபது ரூபாய்த் துண்டு ஒன்று கிடைக்கும். உறையோடு இருந்தால் அங்கே குத்திய முத்திரை, இங்கே வந்து சேர்ந்த முத்திரை, நடுவில் எத்தனை நாள், சண்டைக் காலமாக இருந்தால் பிரித்துப் படித்த தணிக்கைக்காரர் ஒட்டிய சீட்டு, தாத்தாவின் அப்போதைய விலாசம் எல்லாம் சேர்ந்து இருக்கும். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது. அதற்கு முந்திய உறையில் 'மெட்ராஸ்' பக்கத்தில் ஒன்றோ இரண்டோ இலக்கம் மட்டும் இருக்கும். பிந்தியது என்றால் 600039 இருக்கிறதா பாருங்கள், அது வியாசர்பாடி. சேகரிப்பாளர்கள் இப்போது தனித் தலையைவிட முழு உறைக்குத்தான் அதிகம் கொடுக்கிறார்கள்.

உறைகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள், ஒவ்வொன்றின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கடிதம் இருந்தால் உறையை விட்டு அதைப் பிரிக்க வேண்டாம். பர்மிய எழுத்தில் இருப்பவற்றைப் படிக்க உங்கள் தெருவிலேயே எண்பதைத் தாண்டிய பாட்டி யாராவது இருப்பார். இந்த வாரமே போய்க் கேளுங்கள்.